பலூன் தப்பியது ஏன்?

மெரினாவில் அலையை நோக்கி மணலில் நடந்தால், பாதி வழியில் பலூன் சுடும் கடைகள் வரும். ஒரு சட்டத்தில் வரிசை வரிசையாகப் பலூன்கள். பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி ஒரு ஸ்டூல். அதன்மேல், நடுவில் மடக்கிக் குண்டு போடும் காற்றுத் துப்பாக்கி ஒன்று. பலூன் ஒவ்வொன்றும் மாதுளம்பழ அளவு இருக்கும். அந்தத் தூரத்தில் இருக்கும் மாதுளம்பழத்தைக் கல்லால் அடிக்கச் சொன்னால்கூடப் பலர் அடித்துவிடுவார்கள். துப்பாக்கியால், மூச்சை அடக்கி, ஒரு கண்ணை மூடி, பலூனின் நட்டநடுவில் குறிவைத்துச் சுட்டாலும் தப்பிவிடுகிறது.

போன கோடையில் என் அக்கா மகன் மூன்று குண்டுகளை அப்படித்தான் தவறவிட்டான். "துப்பாக்கி கோணலா இருக்குக்கா" என்றான் கடைக்காரப் பெண்ணிடம். அவர் மறுக்கவில்லை. "ஆமாம்பா, கோணல்தான். இது எப்பவும் ரெண்டு விரல் லெப்ட்ல போவும். நீ ரெண்டு விரல் ரைட்ல வெச்சு அடி" என்றார். நாலாவது குண்டுக்குப் பலூன் வெடித்தது. ஐந்தாவது குண்டுக்கும் ஒன்று வெடித்தது.

அவர் சொன்னதில் ‘எப்பவும்’ என்ற ஒரு சொல் இருக்கிறதே, விலை குறைந்த ஒற்றைச்சூட்டுத் துப்பாக்கி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு அதைச் சீராக்க முனைகிற எவரும் தேடி அலைவது அந்த ஒரு சொல்லைத்தான்.

புவியீர்ப்பால் குண்டு தாழ்ந்திருக்கும் என்று சிலர் காரணம் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அது நிற்காது. இந்த வகைத் துப்பாக்கியிலிருந்து குண்டு விநாடிக்கு ஏறக்குறைய 150 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. பத்தடியைக் கடக்க ஐம்பதில் ஒரு விநாடி போதும். அதற்குள் அது விழுவது இரண்டு மில்லிமீட்டர்தான். மாதுளம்பழம் தப்ப இரண்டு மில்லிமீட்டர் போதாது. தவறு வேறெங்கோ இருக்கிறது.

குறி தவறுவதில் இரண்டு வகை உண்டு. வீட்டுக் கூடத்தில் பத்து நிமிடம் வேகமாக ஓடும் சுவர்க்கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதனால் யாரும் பேருந்தைத் தவறவிடுவதில்லை. பத்து நிமிடத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இன்னொரு கடிகாரம் காலையில் ஐந்து நிமிடம் முந்துகிறது, மாலையில் ஏழு நிமிடம் பிந்துகிறது என்று வையுங்கள். சராசரியாகப் பார்த்தால் இரண்டாவது கடிகாரம்தான் சரியான நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனாலும் அதை நம்பி யாரும் வெளியே கிளம்ப முடியாது. முதல் கடிகாரத்தின் தவறைப் ‘பிசகு’ என்போம், இரண்டாவதன் தவறைச் ‘சிதறல்’ என்போம். மெரினா துப்பாக்கிக்கு இருப்பது பிசகு. திருகைத் திருப்பியோ, குறியைத் தள்ளி வைத்தோ அதைச் சரிக்கட்டிவிடலாம். சிதறலுக்கு அப்படி ஒரு திருகு கிடையாது. துப்பாக்கிக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும்.

நான் போய்ப் பார்த்தது என்னுடைய துப்பாக்கிக்குள். சந்தையில் கிடைப்பவற்றில் விலை குறைந்த வகை: நடுவில் மடங்குவது, ஒரு தடவைக்கு ஒரு குண்டு. இந்தியாவில் 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழலின் விட்டம் 4.5 மில்லிமீட்டரையும் குண்டின் ஆற்றல் 20 ஜூலையும் தாண்டாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. அரை கிராம் குண்டு 150 மீட்டர் வேகத்தில் போனால் ஆற்றல் ஆறு ஜூலைக்கும் குறைவு. அதற்காக இது விளையாட்டுப் பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. ஆறு ஜூல் ஒரு கண்ணைப் பறிக்கத் தாராளமாகப் போதும். பறவைகளைச் சுடுவது கொடுமை மட்டுமல்ல, 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. என் இலக்கு ஒரு தாள். தாளுக்குப் பின்னால் களிமண் நிரப்பிய மரப்பெட்டி, அதற்கும் பின்னால் வீட்டின் மதில். சுடும்போது கண்ணாடி அணியாமல் யாரையும் பக்கத்தில் நிற்க விடுவதில்லை.

முதல் நாள் பத்து மீட்டரில் ஒரே புள்ளியைக் குறிவைத்துப் பத்துக் குண்டுகள் சுட்டேன். பத்து ஓட்டைகளும் ஒரு தீப்பெட்டி மூடும் அளவுக்குப் பரந்து கிடந்தன. அந்தப் பரப்பைக் ‘குழுமம்’ என்று சொல்லலாம். துப்பாக்கியின் உண்மையான மதிப்பெண் அதுதான். குழுமம் புள்ளிக்கு மேலே விழுந்ததா, பக்கத்தில் விழுந்ததா என்பது இப்போதைக்கு முக்கியமில்லை. எவ்வளவு நெருக்கமாக விழுந்தது என்பதே கேள்வி.

பத்துக் குண்டு எதற்கு, மூன்று போதாதா? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பழகிய மனம் இப்படித்தான் கேட்கும். பானைக்குள் எல்லா அரிசியும் ஒரே கொதியில் வேகிறது, அதனால் ஒரு பருக்கை மற்றவற்றுக்காகப் பேச முடிகிறது. சிதறலில் ஒவ்வொரு குண்டும் தனித்தனிக் கதை. சிதறும் துப்பாக்கிகூட மூன்று குண்டுகளைத் தற்செயலாக ஒட்டி ஒட்டிப் போட்டுவிடும். அதைப் பார்த்து, "நேற்று எண்ணெய் போட்டேன், இன்று பிரமாதமாகச் சுடுகிறது" என்று முடிவுகட்டி ஏமாந்தவர்கள் ஏராளம். பத்துப் போட்டால் தற்செயலின் கை தளரும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றிய பிறகு பத்துக் குண்டு சுடு, தாளில் தேதி எழுதி வை. என் வேலைமுறை முழுக்க இவ்வளவுதான்.

இனி உள்ளே. இந்தத் துப்பாக்கியின் உடல், சைக்கிள் பம்ப்பின் நெருங்கிய உறவு. குழலை மடக்கும்போது உள்ளிருக்கும் கனத்த சுருள்வில் அமுங்கி, ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. வில்லின் முன்னால் ஒரு பிஸ்டன். குதிரையை அழுத்தினால் கொக்கி விலகி, வில் பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. பிஸ்டன் எதிரிலுள்ள காற்றை நெரிக்கிறது, நெரிந்த காற்று குண்டை வெளியே துரத்துகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பக்கம் சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். இங்கே அதே நெரிப்பு கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்குக்குள் முடிந்துவிடுவதால், பிறந்த வெப்பத்துக்கு வெளியேற நேரமில்லை. இதை ‘வெப்பம் கசியா அமுக்கம்’ எனலாம். காற்று சில கணங்களுக்குப் பல நூறு டிகிரி வரை சூடேறுகிறது.

கொக்கி விலகியதிலிருந்து குண்டு வெளியேறும் வரை ஆகும் நேரம் ஏறக்குறைய நூறில் ஒரு விநாடி. மிகக் குறைவாகத் தோன்றினாலும், வெடிமருந்துத் துப்பாக்கியோடு ஒப்பிட்டால் இது நீண்ட நேரம். அந்த நூறில் ஒரு விநாடிக்குள் துப்பாக்கி இரண்டு தடவை உதைக்கிறது. பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே நகர்கிறது. படகிலிருந்து கரைக்குத் தாவினால் படகு பின்னே போவதைப் போல. அடுத்த கணம் பிஸ்டன் காற்று மெத்தையில் மோதி நிற்கிறது, துப்பாக்கி வெடுக்கென்று முன்னே இழுபடுகிறது. இவ்வளவும் நடக்கும்போது குண்டு இன்னும் குழலுக்குள்தான் இருக்கிறது!

இது கற்பனையில்லை என்பதற்கு என் துப்பாக்கியிலேயே சாட்சி உண்டு. உடலின் மேலுள்ள காடியில் ஒரு ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் சிறு தொலைநோக்கி, மாட்டியிருந்தேன். அதன் பிடி நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தேன். நூறு குண்டுக்குப் பிறகு பார்த்தால், பிடி கோட்டைவிட்டு ஒரு நூலளவு பின்னால் நகர்ந்திருந்தது. சாதாரணத் துப்பாக்கியில் உடல் பின்னே உதைப்பதால், ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்த்து, காடியில் முன்பக்கமாக நகரும். இங்கே அது பின்னால் நகர்ந்திருந்தது. முன்னே இழுபடும் இரண்டாவது அதிர்ச்சிதான் இரண்டில் முரடு என்பதை அந்த நூலளவு இடைவெளி சொல்லிவிட்டது. இந்த வகைத் துப்பாக்கிக்கென்றே செய்த ஸ்கோப்பைத்தான் மாட்ட வேண்டும் என்று சொல்வதும் இதனால்தான். மற்றவை இந்த இருபக்க உதையில் உடைந்துபோகும்.

மனிதக் கை ஓர் அதிர்வை உணர்ந்து எதிர்வினை காட்ட ஏறக்குறைய ஐந்தில் ஒரு விநாடி வேண்டும். நூறில் ஒரு விநாடியில் நடப்பதை இறுகப் பிடித்து அடக்க எந்தப் பயில்வானாலும் முடியாது. இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இறுக்கம், வெவ்வேறு நகர்வு, ஆகவே சிதறல். செய்ய வேண்டியது நேர்மாறானது: துப்பாக்கியை அதன் போக்கில் நகர விடுவது. முன்கட்டையை விரித்த உள்ளங்கைமேல் சும்மா கிடத்தி, தோளில் ஒட்டியும் ஒட்டாமலும் வைத்து, எல்லாத் தடவையும் அதே இடத்தில் ஏந்திச் சுட வேண்டும். அமெரிக்க ஏர்கன் எழுத்தாளர் டாம் கேலார்ட் இதற்குப் ‘பீரங்கிப் பிடி’ என்று பெயர் வைத்தார். சுட்டதும் பீரங்கி தன் சக்கரத்தில் தாராளமாகப் பின்வாங்குகிற மாதிரி. நான் பத்துக் குண்டு செங்கல்மேல் தாங்கியும், பத்துக் குண்டு உள்ளங்கைமேல் ஏந்தியும் சுட்டேன். ஒரு காசு செலவில்லாமல் குழுமம் முக்கால்வாசியாகச் சுருங்கியது.

1960-களில் ஜெர்மானியப் பொறியாளர்கள் இதே சிக்கலை இரும்பில் தீர்த்தார்கள். பைன்வெர்க்பாவ் நிறுவனம் துப்பாக்கியின் இயங்கும் பகுதி முழுவதையும் மரக்கட்டைக்குள் தண்டவாளத்தில்போல் சறுக்க விட்டது. டயானா நிறுவனம் எதிரெதிர்த் திசையில் பாயும் இரண்டு பிஸ்டன்களை வைத்து, ஒன்றின் உதையை மற்றொன்றால் அழித்தது. விலை உயர்ந்த போட்டித் துப்பாக்கிக்குள் அவர்கள் வைத்த சறுக்கலைத்தான் மலிவுத் துப்பாக்கிக்காரர் தன் உள்ளங்கையில் வைத்துக்கொள்கிறார்.

அடுத்த சிக்கல், புகை. புதுத் துப்பாக்கியில் முதல் சில நாட்கள் குழல் வாயிலிருந்து நீலப் புகையும், சில சமயம் ‘டப்’ என்று பெருஞ்சத்தமும் வந்தன. விற்றவரிடம் கேட்டதற்கு, "அது பவர் சார், நல்லதுதான்" என்றார். நல்லதில்லை. துருப் பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெய் பிஸ்டனுக்கு முன்னால் தேங்கி, நெரிந்த காற்றின் சூட்டில் பற்றிக்கொள்கிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லாமலே எரிபொருள் பற்றுவதும் இப்படித்தான். எண்ணெய் அதிகம் எரிந்த தடவை குண்டு வேகமாகப் போகும், குறைவாக எரிந்தால் மெதுவாகப் போகும். வேகம் பத்தில் ஒரு பங்கு மாறினாலே, இருபது மீட்டரில் குண்டு விழும் உயரம் இரண்டு சென்டிமீட்டர் மாறிவிடும்.

புகை தெரியாத சூட்டிலும் எண்ணெய் எரிகிறதா? பிரிட்டனில் கார்டியூ என்ற தந்தையும் மகனும் இதற்கு அழகான ஒரு சோதனை செய்தார்கள். ஒரே துப்பாக்கியைச் சாதாரணக் காற்றிலும், நைட்ரஜன் மட்டும் நிரம்பிய சூழலிலும் சுட்டுப் பார்த்தார்கள். நைட்ரஜனில் எண்ணெய் எரியாது. குண்டின் வேகம் கணிசமாகக் குறைந்தது. ஆக, ஒழுங்காகச் சுடும் துப்பாக்கியிலும் துளியூண்டு எண்ணெய் எரிந்து கை கொடுக்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்தத் துளி ஒரே அளவாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதே நம் வேலை. குழலைத் துணித்திரியால் துடைத்து, பொறுமையாக இருநூறு குண்டு சுட்டபின் புகை நின்றது. வேகம் கூடட்டும் என்று வேண்டுமென்றே எண்ணெயோ மண்ணெண்ணெயோ ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். வில்லும் வாஷரும் உடைவதுதான் மிச்சம்.

வாஷர் என்றதும் பழைய பம்ப் ஸ்டவ் நினைவுக்கு வருகிறது. சில மாதம் பரணில் கிடந்த ஸ்டவ்வை இறக்கி அடித்தால் காற்று ஏறாது. பம்ப்பைக் கழற்றி, காய்ந்து சுருங்கிய தோல் வாஷரில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு விரலால் நீவிக் கொடுத்தால், அது கிண்ணம்போல் விரிந்து மறுபடி காற்றைப் பிடிக்கும். பல மலிவுத் துப்பாக்கிகளின் பிஸ்டன் தலையிலும் அதே தோல் கிண்ணம்தான் இருக்கிறது. காய்ந்தால் காற்று கசியும், எண்ணெய் அதிகமானால் புகையும். குழல் மடங்கும் மூட்டிலும் ஒரு சிறிய வாஷர் உண்டு. மூட்டின் மேல் ஒரு துண்டு டிஷ்யூ தாளை வைத்துக் குண்டு போட்டுச் சுடுங்கள். தாள் துள்ளினால் அங்கே கசிவு. என் துப்பாக்கியில் தாள் துள்ளி விழுந்தது, சில ரூபாய் வாஷர் மாற்றியதும் அசையாமல் கிடந்தது.

அந்த மூட்டிலேயே இன்னொரு குறையும் இருந்தது. மூட்டின் ஆணி சற்றுத் தளர்ந்திருந்ததால், குழல் ஒவ்வொரு முறை மூடும்போதும் ஒரு மயிரிழை வேறு கோணத்தில் உட்கார்ந்தது. நாற்பது சென்டிமீட்டர் குழலின் ஒரு முனை ஒரு நோட்டுத்தாளின் கனமளவு விலகினால், பத்து மீட்டரில் குண்டு இரண்டரை மில்லிமீட்டர் விலகும். முன் பின் குறிகாட்டிகள் இரண்டும் குழலின் மேலேயே இருக்கும் துப்பாக்கியில் இது தெரியாது, ஏனென்றால் குழல் சாயும்போது பார்வைக் கோடும் கூடவே சாய்கிறது. என் ஸ்கோப் இருந்ததோ பின்னுடலில். ஆணியை முறுக்கி, கட்டையின் திருகுகளையும் முறுக்கியபின் குழுமம் இன்னும் கொஞ்சம் ஒடுங்கியது. உதை அதிகமுள்ள பொருளில் திருகு தானாகத் தளரும். இப்போது சுடுவதற்கு முன் திருகு பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

குண்டைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஈயத்தால் ஆன அந்தச் சின்னக் குண்டை விரல் நுனியில் வைத்துப் பார்த்தால் அசல் உடுக்கை: தலை ஒரு பக்கம், பாவாடை ஒரு பக்கம், நடுவில் ஒடுங்கிய இடை. பின்பக்கம் உள்ளே குழிந்திருக்கும். காற்று அந்தக் குழியில் புகுந்து மெல்லிய பாவாடையை விரிக்க, அது குழலின் சுவரோடு ஒட்டி அடைத்துக்கொள்கிறது. குழலின் உள்ளே திருகலாக வெட்டிய வரிகள் அதைச் சுழற்றி அனுப்புகின்றன. ரைபிள் என்ற பெயரே இந்த வரிகளால் வந்தது. வெளியே வந்தபின் சுழற்சியோடு இன்னொன்றும் சேர்ந்து அதை நேராக நிறுத்துகிறது. பூப்பந்தின் இறகு பின்னால் இழுபட்டுத் தலையை முன்னே வைத்திருப்பதைப் போல, பாவாடையில் மோதும் காற்று குண்டின் மூக்கைத் திரும்ப விடுவதில்லை.

ஆகவே பாவாடை நசுங்கிய குண்டு நேராகப் போகாது. மலிவு டப்பாவில் நசுங்கியவை நிறைய. ஒரு கண்ணாடித் தகட்டைச் சற்றே சாய்த்து, குண்டுகளை ஒவ்வொன்றாக உருட்டினேன். தலை சிறுத்து பாவாடை பெருத்திருப்பதால், நல்ல குண்டு ஒரு சீரான வளைவில் உருளும். நசுங்கியது தத்தித் தத்திப் போகும். தத்தியவற்றை ஒதுக்கி, மற்றவற்றை நகைத் தராசில் எடை பார்த்துப் பிரித்தேன். மொத்தச் செலவு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். குழுமம் இதில் குறைந்ததுபோல் வேறெதிலும் குறையவில்லை. ஈயம் நஞ்சு என்பதால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பாடு.

வில்லை மாற்றி வலுவானதைப் போடலாமே என்று பலர் கேட்கிறார்கள். வலுத்த வில் உதையையும் வலுக்கச் செய்யும், 20 ஜூல் வரம்பும் நினைவில் இருக்க வேண்டும். கொக்கியை அரம் கொண்டு தேய்த்துக் குதிரையை இலகுவாக்குவதும் வேண்டாம். என் நண்பர் ஒருவர் அப்படிச் செய்ததில், குழலை மூடும்போதே கொக்கி நழுவித் துப்பாக்கி சுட்டுவிட்டது. குண்டு சுவரில் பட்டதால் தப்பித்தோம். அழுத்திய வில்லைத் தகுந்த கருவி இல்லாமல் கழற்றுவதும் ஆபத்து. குண்டு போடாமல் சுடக் கூடாது. காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் நேராக இரும்பில் போய் மோதும்.

குண்டின் வேகத்தை அளக்க இன்று மின்னணுக் கருவி உண்டு. எனக்குப் பிடித்தது பழைய வழி. அரைக் கிலோ களிமண்ணை ஒரு டப்பாவில் அடைத்து, ஒரு மீட்டர் நீளக் கயிறுகளில் ஊஞ்சல்போல் தொங்கவிட வேண்டும். அரை கிராம் குண்டு அதில் பாய்ந்து புதைந்தால், டப்பா குண்டைவிட ஆயிரம் மடங்கு கனம் என்பதால் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் நகரும். குண்டின் வேகம் 150 மீட்டர் என்றால் ஊஞ்சல் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் ஆடும். ஆட்டத்தை ஸ்கேலால் அளந்து, பின்னோக்கிக் கணக்கிட்டால் வேகம் கிடைத்துவிடும். கண்ணுக்கே தெரியாத வேகத்தை ஒரு கயிறும் மண்ணும் காட்டிக்கொடுக்கின்றன.

இந்த ஊஞ்சலைப் பயன்படுத்தியவர் பெஞ்சமின் ராபின்ஸ், 1707-ல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்த கணிதர். 1742-ல் வெளிவந்த அவருடைய நூல், குண்டுகள் ஒலியைவிட வேகமாகப் போக முடியும் என்பதையும், அப்போது எல்லோரும் நினைத்ததைவிடப் பல மடங்கு வலுவாகக் காற்று அவற்றைத் தடுக்கிறது என்பதையும் அளந்து காட்டியது. பெருங்கணிதர் ஆய்லர் அந்நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். ராபின்ஸ் பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக இந்தியா வந்தார். 1751 ஜூலையில் கடலூர் தேவனாம்பட்டினத்தில், புனித டேவிட் கோட்டையில், காய்ச்சலில் இறந்தார். அதே கடலூரில் 1999-ல் பிறந்தவர் இளவேனில் வாலறிவன். 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் பத்து மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்றவர். அந்தப் போட்டியில் பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டின் விட்டம் அரை மில்லிமீட்டர். குண்டின் விட்டமோ நாலரை மில்லிமீட்டர்.

என் துப்பாக்கி அந்தப் பொட்டைக் கனவில்கூட நெருங்காது. மூன்று மாத வேலைக்குப் பிறகு பத்துக் குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. அதுவும் புள்ளிக்கு இரண்டு விரல் இடப்பக்கம், மெரினா துப்பாக்கியைப் போலவே. அதுவரை அந்தப் பிசகை நான் தொடவேயில்லை. ஸ்கோப்பின் பக்கத் திருகை ஒரு ‘டிக்’ திருப்பினால் பத்து மீட்டரில் 0.7 மில்லிமீட்டர் நகரும். அக்கா மகனைக் கூப்பிட்டு எண்ணச் சொல்லி, நாற்பது டிக் திருப்பினேன்.